பக்கத்துக் கதிரைக்கு ஓர் ஆள்

உறுதி எழுதி வழக்குத் தயார்பண்ணும் சட்டத்தரணிக்கு வழங்கும் பிரக்கிராசி என்ற பெயரையே சட்டத்திலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்ற கதை அடிபடத் தொடங்கியதும், எங்கள் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கும் இளம் கிளாக்கர்மார் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்தார்கள். பெயர் போகமுன்னம் என்னிடம் உள்ள சரக்கைக் கறந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். என் சேவைக் காலத்தில் மிகக் கஷ்டமான விஷயம் எது என்று கேட்டார்கள். ஒரு கொலை வழக்கையாவது எதிர்பார்த்திருப்பார்கள். நாடகம் பார்க்க ஓர் ஆள் பிடித்துக் கொடுத்ததுதான் என்றேன். மூவரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். மரியாதைக்குச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

கந்தோரில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருஷம் காணி உறுதிகளைப் பார்த்து எழுதினேன். அடுத்த வருஷம் முத்திரை ஒட்டினேன். அதன்பின் என்னைச் சாட்சிக்காரரிடம் விட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

சாட்சிக்காரரைத் தயார்பண்ணும் வேலை கந்தோரின் பின் விறாந்தையில் ஒரு நீள மர வாங்கில் இருந்தபடி நடக்கும். முதல் நாள் அவரை அவர் பாட்டில் கதைக்க விடுவேன். இரண்டாம் நாள், தேவைக்கு மேலே எங்கெங்கே கதைக்கிறாரோ அங்கங்கே நிறுத்துவேன். மூன்றாம் நாள் நானே கோட்டில் குறுக்குக் கேள்வி கேட்கும் எதிர்த்தரப்பு அப்புக்காத்தாகி அவரைத் திட்டுவேன். திகதியைக் கேட்டதும் சொல்லக் கூடாது. உடனே சொன்னால் பாடமாக்கியது தெரிந்துவிடும். ஆடி அமாவாசைக்கு முதல் கிழமை என்று தொடங்கி, அன்றைக்கு மாடு கன்று போட்டதைச் சொல்லி, மெல்ல மெல்லத் திகதிக்கு வர வேண்டும். மறுமொழி சொல்லும்போது நீதவானைப் பார்க்க வேண்டும், என்னைப் பார்க்கவே கூடாது. இப்படி நூறு பேரையாவது பழக்கியிருப்பேன். யார் உண்மை சொல்கிறார், யார் சொல்லவில்லை என்பது எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று ஒரு பெருமையும் இருந்தது.

எங்கள் பிரக்கிராசியார் யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டார். மேசையில் கிடக்கும் கடதாசிக் கட்டைப் பார்த்துத்தான் கதைப்பார். கட்டளையை முழுதாகச் சொல்லி முடித்ததையும் நான் கேட்டதில்லை. "அந்தச் சாட்சிக்கு அண்டைக்கு நடந்தது ஞாபகம் வந்தால்..." என்று அந்தக் கட்டுக்குச் சொல்லிவிட்டு, அதன் நாடாவை அவிழ்ப்பார். அவர் அதைத் திரும்பவும் கட்டி முடிக்கமுன்னம் நான் விஷயத்தை விளங்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். பொய் என்ற சொல் அத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் வாயில் வந்ததில்லை. ஞாபகம் என்றுதான் சொல்வார்.

கந்தையர் எங்கள் கந்தோரின் பழைய கட்சிக்காரர். மலாயாவில் ரெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்து, மனைவியோடு உரும்பிராய்க்குத் திரும்பி வந்தவர். சிரம்பான் கந்தையர் என்றால் ஊரில் யாருக்கும் தெரியும். அக்கரையான இந்தியாவிலிருந்து நாடகக் கொம்பனி வந்து பட்டணத்தில் கொட்டகை போட்டால், புருஷனும் பெண்சாதியுமாகத் திருக்கல் மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு போய் ஒரு நாடகம் விடாமல் பார்ப்பார்கள். மனைவி காலமானார். அடுத்த வருஷமே கந்தையரின் கண்களில் புகை மூடத் தொடங்கி, பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் நாடகத்தை விடவில்லை. தனியே போனார். ஒரு நாள் வண்டியால் இறங்கும்போது விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார்.

யாரோ புண்ணியவான் இதை மலாயாவில் இருக்கும் மகளுக்கு எழுதிவிட்டார். உரும்பிராய் வீடு அந்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. மகள் பிரக்கிராசியாருக்கு ஒரு கடிதம் போட்டாள். தகப்பனாரோடு போய்வர நம்பிக்கையான ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அவர் தகப்பனாரை எப்படிப் பார்க்கிறார் என்று கந்தோர் ஒரு றிப்போட் எழுத வேண்டும். அந்த ஆளும் தன் பெயரில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தர வேண்டும். இதெல்லாம் சரிவராவிட்டால் சித்திரைக்குப் பிறகு வீட்டைப் பூட்டித் தகப்பனாரைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். கெட்ட பிள்ளை அல்ல. தகப்பன் விழுந்து சாகக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

கந்தையரைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினோம். சிரம்பானில் மகளின் வீட்டு அறைக்குள் கட்டிலில் இருந்து ரெயில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார். ஆள் வைப்பதற்குச் சம்மதித்தார். ஆனால் அவரிடமும் ஒரு நிபந்தனை இருந்தது.

"வழி காட்ட ஆள் தேவையில்லை, பொல்லு இருக்கு. கதை சொல்லவும் ஆள் தேவையில்லை, கதை எனக்குத் தெரியும். பக்கத்திலை இருந்து உண்மையா ரசிக்கிற ஒருத்தர் வேணும். ரசிக்கிற மாதிரி இருக்கிறவர் வேண்டாம்."

பிரக்கிராசியார் கடதாசிக் கட்டைப் பார்த்து, "கந்தையருக்குப் பிடிச்ச மாதிரி ஒருத்தர் அம்பிட்டால்..." என்று நாடாவை அவிழ்த்தார். நான் எழும்பி வெளியே வந்தேன். இரண்டு நாள் வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் பென்சன் எடுத்த ஒரு வாத்தியாரை அனுப்பினேன். றிப்போட் எழுதுவதற்காக இரண்டு வரிசை பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நானும் இருந்தேன். வாத்தியார் பாட்டுக்குப் பாட்டு இன்ன ராகம் என்று சொன்னார், ராசபாட் நடிகர் பிழைவிட்ட இடங்களை விரல் மடித்து எண்ணினார். எனக்குத் திருப்தி. மறுநாள் கந்தையர் வந்து, அவர் நாடகம் பார்க்கவில்லை, சோதனைப் பேப்பர் திருத்தினார் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

சரி, என் கையிருப்பில் உள்ளவர்களில் ஒருவரையே எடுப்போம் என்று தம்புவைப் பிடித்தேன். எங்கள் கந்தோருக்காக ஏழெட்டு வழக்கில் சாட்சி சொல்லி ஒன்றிலும் இடறாத மனுஷன். வாங்கில் இருத்தி மூன்று நாள் பழக்கினேன். ராணி அழும்போது இப்படிப் பெருமூச்சு, பபூன் வரும்போது இப்படித் தொடையில் தட்டு, நல்ல பாட்டென்றால் "வன்ஸ்மோர்" என்று கூப்பிடமுன்னம் ஒரு கணம் தயங்க வேண்டும். தம்பு அன்றைக்குச் செய்ததைப் பார்த்து நானே கண் கலங்கிப்போனேன். கந்தையர் மறுநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவர் நல்ல வேலைகாரன், தம்பி. ஆனால் வெத்திலை போட்டவர். நல்ல கட்டம் வந்தால் மனிசர் சப்புறதை மறந்திடுவினம். அவர் அழேக்கையும் சப்பிக்கொண்டு அழுதவர்."

இது எனக்குப் பெரிய உதவியாகப் போய்விட்டது. எதிர்த்தரப்பு அப்புக்காத்து என்ன கேள்வி கேட்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் வழக்கில் பாதி வென்ற மாதிரி. இன்னின்ன இடத்தில் சப்புவதை நிறுத்து என்று தம்புவுக்குச் சொல்லிக் கொடுத்து, வேறொரு நாடகத்துக்கு அனுப்பினேன். தம்பு சொன்னபடியே செய்தான். கந்தையர் இந்த முறை சிரித்துக்கொண்டு வந்தார். பாட்டுத் தொடங்கமுன்னமே அவன் வாய் நின்றுவிட்டதாம். எது நன்றாக வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதே என்றார். வெற்றிலை விஷயத்தை நான் அவனுக்குச் சொன்னேனோ என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார்.

கொம்பனி ஊரை விட்டுப் போக இரண்டு கிழமைதான் இருந்தது. சித்திரை நெருங்கிக்கொண்டு வந்தது. கந்தையர் கந்தோருக்கு வருகிற ஒவ்வொரு முறையும் கப்பல் எத்தனை நாள் ஓடும், மருந்து எத்தனை போத்தல் கொண்டு போகலாம் என்று விசாரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இருந்த ஆட்கள் எல்லாரும் நடிக்கத் தெரிந்தவர்கள். நடிக்கத் தெரியாத ஒருவரை என் சேவையில் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அவரை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் பெயர் சின்னப்பு. அச்சுவேலியில் தோட்டமும் செய்து, ஊராருக்கு வேலியும் அடைத்துக் கொடுக்கிறவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னம் ஒரு வேலி வழக்கில் அவர் எங்கள் பக்கத்துச் சாட்சி. வேலி பாட்டன் காலத்திலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது என்று சொல்ல வேண்டியது. மூன்று நாள் பழக்கியும் இருந்தேன். சாட்சிக் கூட்டில் ஏறியவரிடம் எதிர்த்தரப்பு அப்புக்காத்து வேலியைப் பற்றித் தெரியுமோ என்று கேட்டார். "ஓம் ஐயா, ஒரு முழம் தள்ளி வேலிக் கதியால் நட்டது நான்தானே" என்று விட்டார் சின்னப்பு. அது போதாதென்று, அந்த அப்புக்காத்து எங்களைக் கிழிகிழியென்று கிழித்துப் பேசியபோது, சின்னப்பு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். ஏழைக் கமக்காரனின் காணி என்று அவர் குரலைத் தாழ்த்தியதும் எங்கள் சாட்சியின் கண்ணில் நீர் வழிந்தது. வழக்குப் போய்விட்டது. பிரக்கிராசியார் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கட்டோடும் கதைக்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போனேன். சின்னப்பு யாருடைய வேலிக்கோ தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டு நின்றார். நாடகம் பிடிக்குமோ என்று கேட்டேன். தான் இப்போது போவதில்லை என்றார். கடைசியாகப் பார்த்தபோது ராணி பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாராம்; மனைவி ஏசி, இனி நாடகம் கூடாது என்று மறித்துவிட்டாளாம். சம்பளத்துக்கு நாடகம் பார்க்கும் வேலை என்று விளங்கப்படுத்தினேன். கிடுகைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதைப் பற்றிப் பிறகு கோட்டிலை கேப்பினமோ, ஐயா?"

கேட்கமாட்டார்கள் என்று சத்தியம் பண்ணித்தான் அழைத்துவந்தேன். வேலி அடைக்கிறவரைக் கதிரை வரிசையில் எப்படி இருத்துவது என்று கொட்டகைக்காரனுக்கு ஒரு முணுமுணுப்பு. இரண்டு கதிரைக்கும் ரிக்கற் எடுப்பது தான் என்றும் இருப்பவர் யாரென்று சொல்லப்போவதும் தான் என்றும் கந்தையர் சொல்லி அதை முடித்தார்.

அன்றைய நாடகத்தில் நான் கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதியபடியே சொல்கிறேன். திரை தூக்கும்வரை சின்னப்பு கந்தையரின் கையைப் பிடித்துக்கொண்டு பவ்வியமாக இருந்தார். திரை தூக்கியதும் கையை விட்டார். அதன்பின் கந்தையர் என்று ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கந்தையரின் சால்வை நழுவி நிலத்தில் விழுந்தது. சின்னப்பு அதை மிதித்துக்கொண்டிருந்தார். கந்தையர் திரும்பி ஏதோ கேட்டார், மறுமொழி இல்லை. கந்தையர் இருமினார். "சத்தம் போடாதேங்கோ" என்றார் சின்னப்பு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. சண்டைக் கட்டத்தில் எழும்பி நின்றார்; பின்வரிசையில் இருந்தவர்கள் கத்தியும் அவருக்குக் கேட்கவில்லை. இடைவேளையில் மூடிக்கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கந்தையர் தனியே எழும்பி, பொல்லால் தடவித் தடவி வெளியே போகப் பார்த்துத் தூணில் இடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கந்தையர் என் கையை உதறினார். நாடகம் முடிந்ததும் சின்னப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கைவரை தனியே நடந்துபோய், பிறகு ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்தார். மகள் பயந்தது எதுவோ அது ஒன்றுவிடாமல் நடந்தது.

மறுநாள் றிப்போட்டை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். பிரக்கிராசியார் வாசிக்கச் சொன்னார். கந்தையரும் வந்து முன்னால் இருந்தார். வேலைக்குத் தகுதியற்றவர் என்ற கடைசி வரிவரை வாசித்தேன். கந்தையருடைய வாய் கோணியது. கோபம் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் போட வேண்டாம் என்று சொன்ன இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கந்தையர் அழுதுகொண்டு சிரித்தார்.

"என்ரை மனிசி இருபத்தெட்டு வருஷம் பக்கத்திலை இருந்து பாத்தவ. ஒரு நாளெண்டாலும் என்னைத் திரும்பிப் பாத்தவவோ? நான் ஏதும் கேட்டால் தொடையிலை கிள்ளுவா. ஒருக்கா என்னை விட்டிட்டுத் தனிய வண்டியிலை ஏறிப் பாதி வழி போயிட்டா." சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நேற்றுத்தான், அவ போனாப் பிறகு முதல் தரம், நான் தனிய இருக்கேல்லை."

ஒன்றரைப் பக்கமும் உண்மை. நான் எழுதியதிலேயே மிகச் சரியான றிப்போட் அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குற்றவாளி மாதிரி நின்றேன். பிரக்கிராசியார் கட்டின் நாடாவை அவிழ்த்தார். "மகளுக்கு இந்த றிப்போட் போனால்..." என்றார். அது போகவில்லை. வேறொன்று எழுதுவதற்கு எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

மிச்சம் இருந்தது சின்னப்புவின் சத்தியக் கடதாசி. அதையும் வழக்கமான கைவேகத்தில் எழுதினேன்: பெற்ற தகப்பனைப் போலக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், விழுந்த சால்வையை எடுத்துப் போர்த்தினேன். சின்னப்புவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் மை பூசிய பெருவிரலைக் கடதாசியில் வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சால்வையை எடுக்கேல்லை, ஐயா. மிதிச்சனான்."

கெஞ்சிப் பார்த்தேன். இந்தக் கடதாசி இல்லாவிட்டால் கந்தையரைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்றேன். சின்னப்புவுக்கு அதைக் கேட்கவே கண் கலங்கியது. ஆனால் விரல் இறங்கவில்லை. தான் நாடகத்தைத்தான் பார்த்ததாகவும், அவரைப் பார்த்ததாகக் கையடையாளம் வைக்க முடியாதென்றும் சொன்னார். பிரக்கிராசியாரோ அறைக்குள் இருந்து கட்டோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் பதினோரு வருஷத் திறமை அந்த ஒரு விரலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

பிறகு சின்னப்பு அண்ணையை அந்தப் பின் விறாந்தை வாங்கில் இருத்தினேன். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மையில் நீர் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று கேட்டுக் கேட்டு, அவர் வாயால் சொல்வதாகவே எழுதினேன்: நாடகம் தொடங்கி முடியும்வரை கந்தையருடைய பக்கத்துக் கதிரையை விட்டு நான் விலகவில்லை. நித்திரை கொள்ளவில்லை. மது அருந்தவில்லை. வேறு யாரோடும் கதைக்கவில்லை. பிறகு அவரை வண்டியில் ஏற்றி, உரும்பிராயில் வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டேன். அந்த விலகவில்லை என்ற இடத்தில் நான் முதலில் எழும்பவில்லை என்று எழுதியிருந்தேன். சண்டைக் கட்டத்தில் எழும்பினேனே என்று அவர்தான் விலகவில்லை என்று மாற்றுவித்தார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் யோசித்துத் தலையாட்டிய பிறகு பெருவிரலை வைத்தார். ஒரு வரிகூடப் பொய்யில்லாத சத்தியக் கடதாசி என் கையால் எழுதியது அது ஒன்றுதான். அதுவும் ஒரு பெண்ணை ஏமாற்றுவதற்காக எழுதியது.

மகளிடமிருந்து மறுமொழி வந்தது. இவ்வளவு பொறுப்பான ஒருவர் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி, தகப்பனார் ஊரிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள். பிரக்கிராசியார் அதை வாசித்துவிட்டுக் கட்டுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.

அடுத்த கொம்பனி ஆவணியில் வந்தது. றிப்போட் எழுத வேண்டிய தேவை அப்போது இல்லை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. முதல் நாடகத்துக்கே போய் இரண்டு வரிசை பின்னால் இருந்துகொண்டேன். இடைவேளையில், கண் தெரியாத அந்த மனுஷன் தலையைத் திருப்பாமலே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிட்டப் போனேன். சின்னப்பு வழக்கம்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு ராசா வேஷம் கட்டினவர் எப்பிடி, தம்பி?"

"நல்லாச் செய்யிறார், ஐயா."

"இண்டைக்கு ராசாவே இல்லை. வேடன்ரை கதை."

எனக்கு முகம் சுட்டது. பாதி நாடகம் முடிந்திருந்தது, நான் அதுவரை மேடையைப் பார்க்கவேயில்லை. அந்தக் கொட்டகையில் அத்தனை நாடகத்துக்கு இருந்திருக்கிறேன். ஒன்றின் கதையாவது சொல்லும் என்றால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த இரண்டு பேருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தையர் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை, தம்பி. பாக்கேலாதவையும் இருக்கினம்தானே."

மணி அடித்தது. திரை மேலே போனது. கந்தையர் என் கையை விட்டார்; இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தேன்.